மீன் தொட்டியில் தாத்தா கல்

என் தம்பி தம்மபாலனுக்குத் தண்ணீரைப் பற்றி ஒன்றும் தெரியாது. தெரியாது என்பதும் தெரியாது. அப்படிப்பட்டவன் கூடத்தில் இருக்கும் மீன் தொட்டியின் முன்னால் நின்று, வருகிறவர்களுக்கெல்லாம் பாடம் நடத்துவான். அவன் அக்கா நானும் அந்த வீட்டில்தான் இருக்கிறேன். கோலார் தங்கவயலில், கோரமண்டல் பக்கம் இரண்டே அறை உள்ள பழைய குவாட்டர்ஸ். கூடத்தில் தும்மினால் சமையலறையில் 'நூறு' சொல்லலாம். கேட்காமல் இருக்க எங்கே போவது?

அன்றைக்கு மாட்டிக்கொண்டவர் கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவர்.

"இது இன்னா கல்லு தெரியுமா?"

"மீன் தொட்டியில போடுற கல்லு."

"கடையில விக்கிறது இல்லப்பா. சாம்பியன் ரீஃப் சுரங்கத்துக் கல்லு. எங்க நைனா பூமிக்குள்ளருந்து எடுத்துக்கினு வந்தது. கேட்டுல சோதனை போடுவான் பாரு, டிபன் கேரியர் அடித்தட்டுல இத வச்சு, மேல சோத்த வச்சு மூடி, கம்முனு வெளிய வந்துட்டாரு."

"தங்கம் கீதா உள்ள?"

"பளபளன்னு மின்னுது, கண்ணு தெரியல?"

போன மாதம் டிபன் கேரியர் இல்லை, பூட்ஸ். அதற்கு முந்தி தலைப்பாகை. கல்லோ ஒரு தேங்காய்ப் பருமன். அதைப் பூட்ஸில் வைத்துக்கொண்டு நடந்த மனுஷன் எந்தக் காலால் நடந்தார் என்று ஒருவரும் கேட்கவில்லை. எனக்குத் தெரிந்தவரை, எங்கள் பழைய வீட்டுப் பின்கதவு காற்றில் அடித்துக்கொள்ளாமல் இருக்க அப்பா முட்டுக் கொடுத்த கல் அது. எங்கிருந்து வந்தது என்று அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அவர் போன பிறகுதான் கல்லுக்குச் சரித்திரம் முளைத்தது. தம்மபாலன் சுரங்கத்தின் டைம் ஆபீசில் உட்கார்ந்து ஆஜர் போட்டவன். ஆளை உள்ளே இறக்கும் கூண்டான கேஜில் ஒரே ஒரு தரம் இறங்கி, முதல் லெவல் வருவதற்குள் வாந்தி எடுத்து, அதே கேஜில் மேலே வந்தவன். இப்போது பேசுவதைக் கேட்டால் கோலார் தங்கத்தை இவனே கையால் கிள்ளி எடுத்தது மாதிரி இருக்கும்.

தொட்டியும் அவனுடையதில்லை. அவன் மகள் வெண்ணிலாவுடையது.

வெண்ணிலாவுக்குப் பெங்களூரில் ஒரு ஆபீசில் வேலை. விடிவதற்கு முன்னால் ரயில் ஏறினால் விளக்கு வைத்த பிறகு திரும்புவாள். போகும்போதும் நின்றுகொண்டு, வரும்போதும் நின்றுகொண்டு. இந்த வயதிலேயே முழங்காலுக்கு என்னுடைய தைலத்தைக் கேட்கிறாள். அந்த ரயிலை விட்டு இறங்க அவளுக்குக் கிடைத்த ஒரே வழி இந்தத் தொட்டியில் இருக்கும் ஜோடி மீன்தான். டிஸ்கஸ் என்று பெயர். சாப்பாட்டுத் தட்டை நிமிர்த்தி நிற்க வைத்தது போல வட்டமாக இருக்கும். பெங்களூரில் மீன் பண்ணை வைத்திருக்கும் அனில் என்ற பையன் கொடுத்தது. குஞ்சு பொரித்துக் காட்டினால், மேற்கொண்டு ஜோடிகள் தருகிறேன், வீட்டிலேயே குஞ்சு வளர்த்துக் கொடு, எல்லாவற்றையும் நான் வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லியிருந்தான். மீனும் குறை வைக்கவில்லை, முட்டை இட்டது. இட்ட மறுநாளே எல்லாம் ஜவ்வரிசி மாதிரி வெளுத்துப் போயிற்று. அடுத்த தரமும் அப்படியே. அதற்கடுத்த தரமும்.

"இன்னும் ஒரே தரம் பாக்கறேன்னு சொல்லிட்டான் அத்தை," என்றாள் வெண்ணிலா. "அதுவும் வெள்ளையாச்சுன்னா ஜோடிய எடுத்துக்கினு போயிடுவானாம்."

"அப்பால?"

"அப்பால இன்னா? ரிடையர் ஆகுற வரைக்கும் ரயிலு."

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் தண்ணீரைச் சோதிப்பாள். அந்த வீட்டில் ஒரு வேலை ஒழுங்காக நடப்பதை அப்போதுதான் பார்க்கலாம். சின்னக் கண்ணாடிக் குழாயில் தொட்டித் தண்ணீரை எடுப்பாள், மருந்துச் சொட்டு விடுவாள், குலுக்குவாள், ஜன்னல் வெளிச்சத்தில் அட்டையோடு வைத்து நிறம் பார்ப்பாள். அம்மோனியா பார்க்கும் குழாய் மஞ்சளாகவே நின்றால் தண்ணீர் சுத்தம். பச்சை தட்டினால் மீன் கழிவு சேர்ந்துவிட்டது. அது எப்போதும் மஞ்சள்தான். மற்றதும் சரியாகவே இருக்கும். சுண்ணாம்புக் கடினம் பார்க்கும் குழாய் மட்டும் வாராவாரம் அவள் முகத்தைச் சுருங்க வைத்தது.

"போன வாரம்தான ஆர்.ஓ. தண்ணி கலந்து எறக்கினேன்? மறுபடி ஏறிக்கினு கீதே!"

"ஏறினா இன்னாடி? நம்ம போர்த் தண்ணி குடிச்சு நாம உசுரோட இல்லயா?"

"நாம முட்டை வைக்கலயே அத்தை. இது மழைத் தண்ணி மாதிரி மெத்துன்னு இருக்கிற தண்ணியில முட்டை வைக்கிற ஜாதி. சுண்ணாம்பு ஏறின தண்ணின்னா முட்டைத் தோலு இறுகிடும், கரு பிடிக்காது."

இதைக் கேட்டுக்கொண்டே வாசு உள்ளே வந்தான். தம்மபாலனுடன் டைம் ஆபீசில் இருந்தவன். தான் படிக்காத படிப்பு உலகத்தில் இல்லை என்று நினைக்கிறவன்.

"தண்ணியெல்லாம் நல்லாத்தாம்மா கீது," என்றான், தொட்டியைத் தூரத்திலிருந்தே பார்த்து. "அந்தப் பஞ்சைப் பாரு, கருப்பா! அதைக் குழாயடியில வச்சு, சோப்புப் போட்டுக் கசக்கு. முட்டை பொரிக்கலன்னா ஏன்னு கேளு."

"பில்டர் பஞ்சைக் குழாய்த் தண்ணியில கழுவக் கூடாது மாமா. கழிவைத் தின்னுற நல்ல கிருமி அதுலதான் கீது. குழாயில குளோரின் வந்தா செத்துடும். தொட்டியில எடுத்த தண்ணியிலயே அலசணும்."

"அழுக்க அழுக்குத் தண்ணியிலயே அலசுறதா? கேட்டியா பாலா உன் பொண்ணு சொல்றத?"

"படிச்ச பொண்ணு," என்றான் என் தம்பி. அவன் வாயில் அது வசவு.

சிரித்தார்கள். இரண்டு பேருக்கும் சேர்த்து இருப்பது ஒரே சிரிப்பு. அதை மாற்றி மாற்றி உபயோகிப்பார்கள்.

வெண்ணிலா குழாயைக் கழுவி வைத்தாள். "அப்பா, பஞ்சு இல்ல. அந்தக் கல்லுதான்."

தம்மபாலன் சிரிப்பை நிறுத்தினான்.

"எந்தக் கல்லு?"

"தாத்தா கல்லு. அதுல வெள்ளைக் கோடு கோடா ஓடுதே, அது சுண்ணாம்பு. மெத்துத் தண்ணியில கொஞ்சம் கொஞ்சமா கரையுது. நான் எவ்ளோ ஆர்.ஓ. ஊத்தினாலும் அது மறுபடி ஏத்திடுது."

"எங்க நைனா உசுரக் குடுத்து எடுத்தாந்த கல்லு, சுண்ணாம்பா?"

"உசுரு எங்கடா குடுத்தாரு?" என்றேன். "கதவுக்கு முட்டுத்தான குடுத்தாரு."

"அக்கா, நீ கம்முனு இரு! உனக்கு இன்னா தெரியும்?"

"அந்தக் கதவுல கால் இடிச்சவ நானு."

என் தம்பி பெண்டாட்டி சுலோச்சனா சமையலறை வாசலில் வந்து நின்றாள். சண்டையில் நியாயம் எந்தப் பக்கம் என்று பார்க்கிற வழக்கம் அவளுக்கு இல்லை. சத்தம் எந்தப் பக்கம் என்று பார்ப்பாள். "ஒரு கல்லுக்காகப் பெத்தவர எதுத்துப் பேசாதடி," என்றாள்.

அன்றைக்கு வெண்ணிலா கல்லை எடுத்து ஜன்னலில் வைத்தாள். மறுநாள் அவள் ரயிலுக்குப் போனதும் தம்மபாலன் அதை மறுபடி தொட்டிக்குள் இறக்கினான். மழை விட்ட பிறகு தூவானம் மாதிரி இது வாரக்கணக்கில் நடந்தது. அவள் எடுப்பாள், அவன் போடுவான். எடுத்த நாட்களில் அவள் கடினம் பார்க்கும் மீட்டர் அசையவில்லை. போட்ட நாட்களில் ஏறியது. அவள் அதையும் எடுத்துச் சொல்லிப் பார்த்தாள்.

"கல்லு வெளிய இருந்தா ஏறல. உள்ள இருந்தா ஏறுது. இதுக்கு மேல இன்னாப்பா வேணும்?"

"அது தற்செயல்."

"ஒவ்வொரு தரமுமா? பௌர்ணமிக் கூட்டத்துல இன்னா பேசுறீங்க நீங்க? யார் சொன்னாலும் நம்பாதீங்க, புத்தரே சொன்னாலும் சோதிச்சுப் பாத்து நம்புங்கன்னு மைக்கு புடிச்சுப் பேசல?"

"அது தத்துவம்டி. இது எங்கப்பா!"

பதில் சொல்ல முடியாதபடி பேசிவிட்டதாக அவனுக்குப் பெருமை. சட்டைக் காலரைச் சரி செய்துகொண்டான்.

முட்டை இடுவதற்கென்று வெண்ணிலா தொட்டிக்குள் வைத்திருந்த மண் கூம்பை ஜோடி மறுபடியும் வாயால் தேய்த்துச் சுத்தம் செய்ய ஆரம்பித்தது. முட்டை இடப்போகிறது என்பதற்கு அதுதான் அடையாளம். வெண்ணிலா அனிலுக்குப் போன் செய்தாள். ஞாயிற்றுக்கிழமை அவனே வந்துவிட்டான். கையில் அவனுடைய மீட்டர், முதுகில் பை. என் தம்பி கூடவே வாசுவையும் வரவழைத்து வைத்திருந்தான், சாட்சிக்கு.

அனில் மீட்டரை விட்டுப் பார்த்தான். முகம் கோணியது. "என்னம்மா இது? ஆர்.ஓ. கலந்தேன்னு சொன்னியே? இதுல முட்டை நிக்காது."

"கல்லப் பாருங்க," என்றாள் வெண்ணிலா.

அவ்வளவுதான், என் தம்பிக்கு வாசல் திறந்தது. கையை விட்டுக் கல்லை எடுத்துத் துண்டில் துடைத்து, பிள்ளையை நீட்டுவது போல நீட்டினான். "சாம்பியன் ரீஃப் கல்லு சார். எங்க நைனா பிராண வாயு இல்லாத எடத்துல..."

"ஒரு நிமிஷம்ப்பா." வெண்ணிலா சமையலறையிலிருந்து அரை மூடி எலுமிச்சம்பழம் கொண்டுவந்தாள். கல்லின் வெள்ளைக் கோட்டின் மேல் பிழிந்தாள்.

கோடு முழுக்க நுரைத்தது. சின்னச் சின்னக் குமிழியாகச் சுர்ரென்று பொங்கியது. சத்தம்கூடக் கேட்டது.

"பாத்தீங்களா? சுண்ணாம்புன்னா புளிப்பு பட்டதும் பொங்கும். இதுதான் தண்ணியில கலக்குது."

அனில் தலையாட்டினான். "கரெக்ட். சுண்ணாம்புதான் சார். இதை வச்சுக்கிட்டு டிஸ்கஸ் பிரீட் பண்ண முடியாது."

விஷயம் அதோடு முடிந்திருக்க வேண்டும். மூளை உள்ளவர்கள் வீட்டில் முடிந்திருக்கும்.

வாசு குனிந்து கல்லைப் பார்த்தான். நிமிர்ந்தான். தம்மபாலனைப் பார்த்தான். குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"பாலா. மில்லுல இன்னா பண்ணாங்க?"

"இன்னா பண்ணாங்க?"

"கல்லைப் பொடி பண்ணி, மருந்து ஊத்தி, தங்கத்தைக் கரைச்சுத்தான எடுத்தாங்க? சயனைடுன்னு ஊரே சொல்லும் இல்ல? அதே கணக்குடா! புளிப்பு பட்டதும் தங்கம் கரையுது!"

"மாமா, தங்கம் எலுமிச்சம்பழத்துல கரையாது," என்றாள் வெண்ணிலா. "கரைஞ்சா ஊர்ல ஒரு பொம்பள கழுத்துலயும் சங்கிலி நிக்காது. ரசம் கொதிக்கிற ஆவியிலயே போயிருக்கும்."

"கல்லுல இருக்கிற தங்கம் வேற, நகையில இருக்கிற தங்கம் வேற," என்றான் வாசு.

அனில் சிரித்துவிட்டான். நல்ல பையன், ஆனால் வாயை அடக்கத் தெரியாதவன். "சார், வெறும் கல்லு சார். உங்களுக்கு மனசு வரலேன்னா என்கிட்ட குடுத்துடுங்க. போற வழியில பங்காருபேட்டை தாண்டி எங்கயாவது தூக்கிப் போட்டுடறேன்."

நான் என் தம்பியின் முகத்தைப் பார்த்தேன். இதுவரை அவனுக்கே தன் கதையில் பாதிதான் நம்பிக்கை இருந்தது. அந்த நிமிஷத்தில் மீதிப் பாதியும் வந்து சேர்ந்தது.

"உங்ககிட்ட குடுக்கணுமா?"

"ஆமா சார்."

"தூக்கிப் போடப் போறீங்க."

"அதான் சார்."

"வெறும் கல்ல, பெங்களூர்லருந்து வந்து, நீங்க, எடுத்துக்கினு போயி, தூக்கிப் போடப் போறீங்க!" கல்லை மார்போடு அணைத்துக்கொண்டான். "வாசு, பாத்தியாடா?"

"நான் அப்பவே பாத்தேன். வந்ததுலருந்து அவரு கண்ணு மீனு மேலயா இருந்துச்சு?"

"அப்பா!" வெண்ணிலாவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. "அவரு சுண்ணாம்புன்னு உங்க மூஞ்சிக்கு நேரா சொல்றாரு!"

"சொல்லுவாருடி. தங்கம்னு சொல்லிட்டா கேப்பாரு?" திடீரென்று அவனுக்கு இன்னொன்று உறைத்தது. கண் பிதுங்கியது. "நீ இன்னா சொன்ன? தண்ணியில கரையுதுன்னு சொன்ன இல்ல?"

"ஆமா. சுண்ணாம்பு."

"வாராவாரம் தொட்டித் தண்ணிய எடுத்து இன்னா பண்ற?"

"சாக்கடையில ஊத்துறேன்."

"ஐயோ!" என்றான். "பக்கெட்டு பக்கெட்டா ஊத்தினியேடி! எங்க நைனா சம்பாத்தியத்த!"

இத்தனை நேரம் வாசலில் நின்ற சுலோச்சனா புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள். அந்த வீட்டில் முடிவு எடுப்பது அவள்தான், எப்போதும் தப்பான காரணத்துக்கு. "தங்கம்னா இன்னாத்துக்கு மீனுக்குப் போட்டுக்கினு கீறீங்க? இங்க குடுங்க." கல்லை வாங்கிப் பழைய பட்டுப் புடவையில் சுற்றினாள். பீரோ திறக்கும் சத்தமும் பூட்டும் சத்தமும் கேட்டன.

வெண்ணிலா வாயைத் திறந்தாள். "அம்மா, அது தங்கம் இல்..."

நான் அவள் கையைப் பிடித்து அழுத்தினேன். "கல்லு எங்க கீது இப்போ?"

"பீரோவுல."

"தொட்டியில?"

"இல்ல."

"அப்பால இன்னாத்துக்கு வாயத் தொறக்குற?"

"பொய்ய நம்பறாங்களே அத்தை!"

"நெசத்தைச் சொல்லி இத்தன வாரம் இன்னா கிழிச்ச?"

அவளுக்கு மனசு ஆறவில்லை. சரியாகச் சொன்னால் சரியாகப் புரியும் என்று நம்புகிற ஜாதி அவள். யாரிடமிருந்து வந்ததோ, என் தம்பியிடமிருந்து இல்லை. சாயங்காலம் வரை மூன்று பேருக்கும் தனித்தனியாக விளக்கினாள். வாசு, "ஆமாம்மா, யாரு கேட்டாலும் சுண்ணாம்புன்னே சொல்லு, அதான் புத்திசாலித்தனம்," என்று முதுகைத் தட்டிவிட்டுப் போனான்.

போகும்போது யோசனையும் சொல்லிவிட்டுப் போயிருந்தான். அதற்கப்புறம் வெண்ணிலா தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீர் ஒரு சொட்டுகூடச் சாக்கடைக்குப் போகவில்லை. தம்மபாலன் பின்பக்கம் ஒரு நீல டிரம்மை வைத்து அதில் சேர்த்தான். காய்ச்சினால் தங்கம் அடியில் நிற்குமாம். மூடி போட்டு, மூடிமேல் அம்மிக் குழவி வைத்து, அக்கம்பக்கத்தில் "மழைத் தண்ணி சேக்கறோம்" என்று சொல்லிக்கொண்டு திரிந்தான். மழை பெய்து இரண்டு மாதமாகியிருந்தது.

இந்தக் கூத்து நடக்கட்டும் என்று வெண்ணிலா தன் வேலையைப் பார்த்தாள். ஒரேயடியாகத் தண்ணீரை மாற்றினால் மீன் மிரண்டுவிடும் என்று தினமும் கொஞ்சம் எடுத்து, அதே சூட்டில் ஆர்.ஓ. கலந்த தண்ணீரை மெல்லிய குழாய் வழியாகச் சொட்டுச் சொட்டாக விட்டாள். ரயிலிலிருந்து வந்து செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால் மீட்டரை எடுப்பாள். இறங்கியது. இறங்கிய இடத்திலேயே நின்றது. காலையில் பார்த்தால் அதே, இரவில் பார்த்தாலும் அதே. அவள் மீட்டரைத் தட்டித் தட்டிப் பார்த்தாள், கெட்டுவிட்டதோ என்று.

பெண் மீன் கூம்பின்மேல் வரிசை வரிசையாக முட்டை வைத்தது. ஆண் மீன் பின்னாலேயே போயிற்று. மறுநாள் அவள் வேலைக்குப் போகாமல் இருக்க முடியவில்லை. ரயிலில் நின்றபடியே எனக்குப் போன் போட்டாள்.

"அத்தை, கிட்டப் போய்ப் பாருங்க. வெள்ளையா கீதா?"

"ஓரத்துல ரெண்டு மூணு கீது."

"மிச்சம்?"

"மிச்சம் தேன் கலர்ல கீது."

"நெசமாவா?"

"பொய் சொல்றதுக்கு இந்த வீட்டுல வேற ஆளு கீறாங்கடி."

அதற்கடுத்த நாள் முட்டைக்குள் கறுப்புப் புள்ளி தெரிந்தது. அப்புறம் வால் ஆடியது. கூம்பு முழுக்க மயிரிழை மாதிரி நெளிந்துகொண்டிருந்தன. பிறகு அவை எழும்பி நீந்தி, அப்பன் ஆத்தாளின் உடம்பில் போய் ஒட்டிக்கொண்டு, தோலில் பால் மாதிரி ஊறுகிற வழவழப்பைத் தின்ன ஆரம்பித்தன. வெண்ணிலா எடுத்து அனுப்பிய படத்தைப் பார்த்து அனில் அன்றைக்கே போன் செய்தான். அடுத்த மாதம் வந்து குஞ்சுகளை வாங்கிக்கொண்டு, மேற்கொண்டு ஜோடிகள் தருவதாக ஒப்புக்கொண்டான். அவள் போனை வைத்துவிட்டு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

தம்மபாலன் வாசுவுக்குச் சொல்லிக்கொண்டிருந்தான்: "இத்தன நாளு தங்கத் தண்ணி குடிச்ச தெம்புடா. இல்லன்னா இப்படிப் பொரிக்குமா?"

"எங்கயும் பொரிக்காது," என்றான் வாசு.

"அதான் யோசிச்சேன். குஞ்சுங்களுக்கு இப்பத்தான சத்து வேணும்?" என்று பின்பக்கம் போனான். திரும்பி வரும்போது கையில் ஒரு பக்கெட். டிரம் தண்ணீர். பல நாள் தேங்கியது, கொசுப்புழு நெளிந்தது, நாற்றம் எனக்கு அடுப்படிவரை வந்தது.

நான் எழுந்திருப்பதற்குள் அவன் தொட்டி மூடியைத் தூக்கிவிட்டான். வெண்ணிலா ஒரே எட்டில் தொட்டிக்கும் பக்கெட்டுக்கும் நடுவில் வந்து நின்றாள். அம்மோனியா, கடினம், கிருமி என்று அவள் ஆரம்பிக்கப் போகிறாள், இவன் கேட்கப் போவதில்லை, அத்தனையும் செத்து மிதக்கப் போகிறது என்று நான் நினைத்தேன்.

அவள் அப்பாவின் காதருகில் குனிந்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"அப்பா, ஊத்தாதீங்க. ஊத்தினா தங்கம் மொத்தம் மீனு வயித்துக்குள்ள போயிடும். அடுத்த மாசம் அனிலு இந்த மீனுங்களதான எடுத்துக்கினு போகப் போறான்?"

தம்மபாலன் பக்கெட்டோடு அப்படியே நின்றான். வாசுவைப் பார்த்தான். வாசு கண்ணை மூடித் திறந்தான்.

"படிச்ச பொண்ணுடா," என்றான் என் தம்பி. இந்தத் தரம் அது வசவில்லை. தளும்பாமல் ஒவ்வோர் அடியாக வைத்து, பக்கெட்டைப் பின்பக்கம் தூக்கிக்கொண்டு போனான்.

வெண்ணிலா தொட்டி மூடியை மெதுவாக மூடினாள். முகத்தில் ஒரு அசைவும் இல்லை. கண்ணாடிக் குழாயை எடுத்துத் தண்ணீர் பிடித்து, சொட்டு விட்டு, குலுக்கி, ஜன்னல் பக்கம் திரும்பி நிறம் பார்த்தாள்.

"இன்னா கலரு?" என்றேன்.

"மஞ்சள் அத்தை."